சவரக்கத்திக்குத் தோல்பட்டையும் தீட்டுக்கல்லும்: 4000 ரூபாய்க்குள் வடசென்னையில் என்ன வாங்கலாம்?

தண்டையார்பேட்டை வாசகன்:

மடக்குச் சவரக்கத்தி ரெண்டு இருக்கு. ஒன்னு புது கோல்ட் டாலர் 66, சீனத்துக் கத்தி. இன்னொன்னு ஜெர்மனி சோலிங்கனில் செஞ்ச பழைய கத்தி, 5/8 அங்குல அகலம், வாயில், அதாவது வெட்டுற ஓரத்தில், ரெண்டு மூணு இடத்தில் பொடிப் பல் மாதிரி உடைஞ்சிருக்கு, துரு இல்லை. சலூனில் பாதி பிளேடு செருகுற உஸ்தரா கிடையாது, ரெண்டையும் தீட்டித்தான் ஆகணும்.

கல், தீட்டின வாயை இழுத்துப் பதமாக்குற தோல்பட்டை எல்லாம் சேர்த்து 4000 ரூபாய்க்குள் முடிக்கணும். ஜப்பான் கல் ஒரு செட் போட்டுப் பார்த்தா அதுவே பட்ஜெட்டைத் தாண்டிடுது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ரெண்டு பக்கக் கல்லு போதுமா? லேப்பிங் ஃபிலிம்னு சொல்றாங்களே, அது எப்படி? பெரியமேட்டில் தோல் வாங்கி நாமே பட்டை செய்யலாம்னா என்ன சொல்லிக் கேட்கணும்? எவர்சில்வருக்குப் பாலிஷ் போடுற பச்சை சோப்பைத் தோலில் தேய்க்கலாமா? இல்லை, தெருவில் வர்ற சாணைக்காரர்கிட்ட முதல் தடவை மட்டும் கொடுத்து வாங்கிட்டு, அப்புறம் தோலிலேயே ஓட்டிடலாமா?

பெரம்பூர் டூல்ரூம்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். சாணைக்காரர்கிட்ட கொடுக்காதீங்க. அருவாமனை, கத்தரிக்கோலுக்கு அந்தச் சக்கரம் நல்லாவே வேலை செய்யும். சவரக்கத்தி வேற. உள்குழிவா அரைச்சு வாய்ப்பக்கம் ரொம்ப மெல்லிசா விட்டிருப்பாங்க. சுத்துற சக்கரத்தில் பட்டா அந்த மெல்லிசு இடம் நொடியில் சூடாகும். நீலம் பாஞ்ச இடத்தில் எஃகோட பதம் போயிடும், அதுக்கப்புறம் எந்தக் கல்லில் தீட்டினாலும் அங்கே வாய் நிக்காது.

ரெண்டாவது காரணம் கோணம். இந்தக் கத்தியில் கோணத்தைக் கை பிடிக்கிறதில்லை, முதுகு பிடிக்குது. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்கணும். 5/8 கத்தின்னா அகலம் ஏறக்குறைய 16 மி.மீ. முதுகு 4.5 மி.மீ. இருந்தா மொத்தக் கோணம் 16 டிகிரி பக்கம் வரும். முதுகில் ஒரே ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டினா இன்னொரு டிகிரி கூடும். சக்கரத்தில் முதுகு தேயாம வாய் மட்டும் தேய்ஞ்சா இந்தக் கணக்கே கெட்டுப்போகும்.

ஹார்டுவேர் கடைக் கல்லு: நம்ம திருவொற்றியூரிலேயே ஆலை வெச்சிருக்கிற கார்போரண்டம் யுனிவர்சல் கல்லா இருந்தாலும் சரி, வேற பேரா இருந்தாலும் சரி, அந்த ரெண்டு பக்கக் கல்லு உளிக்கும் கசாப்புக் கத்திக்கும் செஞ்சது. அதோட நைஸ் பக்கமே சில நூறு கிரிட்தான் (கிரிட் நம்பர் கூடக் கூடத் துகள் நைஸ்). சவரக்கத்திக்கு ஆரம்பமே 1000. அந்தக் கல்லில் ஒரு தடவை இழுத்தா விழுற கோட்டை அழிக்கவே 1000-ல் ரொம்ப நேரம் ஆகும்.

கிரிட் நம்பரைவிட மைக்ரான் கேட்டு வாங்குங்க, அது துகளோட அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நார்ட்டன் கம்பெனி கல் கணக்கில் 1000 கிரிட் 14 மைக்ரான், 4000 கிரிட் 6, 8000 கிரிட் 3. வேற கம்பெனியில் அதே நம்பருக்கு வேற மைக்ரான் வரும். பேர் போடாத மலிவு 3000/8000 கல்லில் அச்சிட்ட நம்பரை நம்பி 8000-ன்னு தீட்ட முடியாது. நடுவில் ஒரே ஒரு கரட்டுத் துகள் கலந்திருந்தாலும் வாய் முழுக்கக் கோடு போட்டுடும்.

ரெண்டே கத்திக்கு உங்க பணத்துக்கு சரியான வழி லேப்பிங் ஃபிலிம்தான். அலுமினியம் ஆக்சைடு துகளை மைக்ரான் அளவு பிரிச்சு பாலியெஸ்டர் தாளில் படிய வெச்சது. 15, 5, 3, 1 மைக்ரான்ல ஒவ்வொரு தாள் போதும். நடுவில் 9 கிடைச்சா வேலை சீக்கிரம் முடியும், கிடைக்கலைன்னா 5-ல் கூடுதலா இழுக்கணும், அவ்வளவுதான். பின்பக்கம் பசை இல்லாததைக் கேளுங்க. 8.5 அங்குலம் அகலம், 11 அங்குலம் நீளம் உள்ள தாளை நீளவாக்கில் மூணாக வெட்டினா ஒவ்வொரு பட்டையும் 2.8 அங்குலம் வரும். சவரக்கத்திக்கு அந்த அகலம் தாராளம்.

கீழே வைக்கக் கண்ணாடி. கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி, 3 அங்குலம் அகலம், 12 அங்குலம் நீளம் வெட்டி, ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்க. வெட்டித் தள்ளின துண்டிலேயே கிடைக்கும். டைல்ஸ் வேண்டாம், பார்க்க மட்டமா தெரியும், நடுவில் வளைஞ்சிருக்கும். கண்ணாடியில் தண்ணி தெளிச்சு ஃபிலிமைப் படுக்க வெச்சு, ஸ்கேல் ஓரத்தால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்க. அடியில் காத்துக் குமிழோ ஒரு மணல் துகளோ மாட்டினா அந்த இடம் மேடாகி, வாயில் பல் விழும். ஒவ்வொரு தாள் மாத்தும்போதும் கண்ணாடி, கத்தி, விரல் மூணையும் கழுவுங்க. 15 மைக்ரான் துகள் ஒன்னு 1 மைக்ரான் தாளுக்கு வந்துட்டா அந்தப் படி வீண்.

வேலை இப்படி. முதுகில் டேப். வாயோரம் ரெண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கருப்பு பூசுங்க. 15-ல் தண்ணி விட்டு, வாய் முன்னால் போற மாதிரி தள்ளுங்க. கத்தியோட அடியில், அதாவது பிடிப்பக்கத்தில் தொடங்கி, ஓட்டம் முடியும்போது நுனி தாளில் இருக்கிற மாதிரி குறுக்கா இழுத்தா வாய் முழுக்கப் படும். பத்து சுத்து (போய் வர்றது ஒரு சுத்து) போட்டதும் பாருங்க. மை எங்கே மிச்சம் இருக்கோ அங்கே இன்னும் படலை. மை வாயின் ஓரத்திலேயே மிச்சம் இருந்தா சரிவு இன்னும் சேரலைன்னு, அதாவது ரெண்டு பக்கச் சாய்வும் ஓரத்தில் ஒன்னா முட்டலைன்னு அர்த்தம். இந்த முதல் படிதான் மொத்த வேலையில் முக்கால்வாசி. எத்தனை சுத்துன்னு எண்ணாதீங்க. அடி, நடு, நுனி மூணு இடத்திலும் முன்கை மயிரைத் தோலோட ஒட்டி வெட்டுற வரை 15-ஐ விட்டு நகரக் கூடாது. டியூப்லைட்டுக்குக் கீழே வாயை நேரா மேலே பார்க்க வெச்சுப் பாருங்க. வெள்ளையா புள்ளி மின்னினா அங்கே மழுங்கலோ பல்லோ இருக்கு. உங்க சோலிங்கன் பொடிப் பல்லும் இங்கேதான் போகணும், மேல்படியில் போகாது.

அப்புறம் 5-ல் 40 சுத்து, 3-ல் 40, 1-ல் 30. ஒவ்வொரு படியிலும் கடைசிப் பத்து சுத்து கத்தியோட சொந்த எடை மட்டும். ஃபிலிமில் அழுத்தினா தாளே கிழியும், வாயும் பிசிறு கட்டும்.

கோல்ட் டாலர் 66-க்கு ஒரு எச்சரிக்கை. அடியில், பிடிக்குப் பக்கத்தில், தடிப்பா ஒரு தோள் இருக்கும். அந்தத் தோள் கல்மேல் ஏறினா கத்தி தூக்கிக்கிட்டு, அடிப்பக்கம் வாய் கல்லில் படவே படாது. புதுக் கத்தி சவரம் பண்ணலைன்னு வர்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம். அடி மூலையை 400 கிரிட் வாட்டர் பேப்பரில் கொஞ்சம் உருட்டி, தோளுக்கு 3, 4 மி.மீ. முன்னாடியே வாய் ஆரம்பிக்கிற மாதிரி ஆக்குங்க. தீட்டும்போது தோள் எப்பவும் கண்ணாடிக்கு வெளியே தொங்கணும்.

பெரியமேடு தோல்கட்டு:

தோல் விஷயத்துக்கு நான் வர்றேன். பெரியமேட்டில் போய் ‘தோல்’னு மட்டும் கேட்டா ஷூவுக்கும் பைக்கும் போற குரோம் தோலைத்தான், அதாவது குரோமிய உப்பில் பதப்படுத்தினதைத்தான் எடுத்துப் போடுவாங்க. ‘வெஜ் டேன், பெல்ட் தோல், பாலிஷ் கோட்டிங் இல்லாதது’ன்னு கேளுங்க. வெஜ் டேன்னா மரப்பட்டை, காய்ச் சாறில் பதப்படுத்தினது. எருமையோ மாடோ பரவாயில்லை, தடிமன் 3 மி.மீ. இருக்கணும். 2-க்குக் கீழே போனா நெளியும். ஷூ அடித்தோல் 4, 5 மி.மீ. வரும், மரப்பலகையில் ஒட்ட நல்லது, தொங்கவிட ஆகாது, மடங்காது.

பார்த்துத் தெரிஞ்சுக்க ரெண்டு சோதனை. வெட்டின ஓரத்தைப் பாருங்க. நடுவில் நீலச் சாம்பல் தெரிஞ்சா குரோம், உள்ளே வரை பழுப்பா இருந்தா வெஜ் டேன். அப்புறம் வழவழப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணி. வெஜ் டேன் உறிஞ்சி கறுக்கும், மேலே பெயிண்ட் பூசினதில் முத்தா நிக்கும். பெயிண்ட் பூசினது பட்டைக்கு உதவாது, கத்தி வழுக்கிட்டுப் போகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தி மெட்ராஸிலிருந்து கப்பலேறின பழைய தோலும் இந்த வகைதான். இப்போ அந்த இடத்தில் பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறு.

தோலில் எந்தப் பகுதின்னு கேட்டு வாங்குங்க. முதுகுப் பகுதி நெருக்கமா இருக்கும், இழுத்தா நீளாது. வயித்துப் பகுதி மலிவா கொடுப்பாங்க, கொஞ்ச நாளில் நடுவில் தொய்ஞ்சு குழி விழும். தொய்ஞ்ச பட்டை வாயை உருட்டிடும். 3 அங்குலம் அகலம், 24 அங்குலம் நீளம் கேளுங்க. ரெண்டு முனையையும் மடிச்சு ரிவெட் போட்டா 20 அங்குலம் வேலைக்கு மிச்சம். ஒரு முனைக்கு டி வளையம், இன்னொரு முனைக்குக் கைப்பிடி. பெல்ட் தைக்கிற கடையிலேயே ரிவெட் அடிச்சுக் கொடுப்பாங்க.

வழவழப்பான பக்கம்தான் மேலே. புதுத் தோல் காய்ஞ்சு கிடந்தா கத்தி பிடிப்பில்லாம ஓடும். சோப்பு நுரையை லேசா தேய்ச்சு நிழலில் காய வெச்சு, கண்ணாடி பாட்டிலை மேலே உருட்டுங்க. அதுக்கப்புறம் தினமும் உள்ளங்கையால் அம்பது தடவை தேய்ச்சாலே போதும், கை எண்ணெய் இறங்கும். தேங்காயெண்ணெய் ஊத்தாதீங்க. தோல் தளரும், பிடிப்பு போயிடும், நாள்பட்டா காறல் வாடை அடிக்கும்.

தோலோட சேர்த்துத் தொங்கவிடுற துணிப்பட்டைக்குக் கித்தான். பருத்திக் கித்தானை 3 அங்குலம் அகலத்துக்கு ரெண்டா மடிச்சுத் தைச்சு அதே வளையத்தில் மாட்டுங்க. தைக்கிறதுக்கு முன்னாடி வெந்நீரில் ஊறவெச்சுக் கஞ்சியை எடுக்கணும், இல்லைன்னா கஞ்சித் துகளே வாயைச் சுரண்டும். பழைய ஜீன்ஸ் துணியும் ஓடும், தையல் விழுந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுங்க.

இழுக்கிற முறை கல்லுக்கு நேர்மாறு. கல்லில் வாய் முன்னால், தோலில் முதுகு முன்னால். பட்டையை ஜன்னல் கிரில்லில் மாட்டி, விறைப்பா இழுத்துப் பிடிங்க. கத்தி தட்டையா படுத்திருக்கணும். ஓட்டம் முடியுற இடத்தில் கத்தி முதலில் நிக்கணும், அப்புறம் முதுகின்மேல் உருளணும், பிறகுதான் திரும்பி வரணும். நிக்குறதுக்கு முன்னாடி வாயைத் திருப்பினா தோல் வெட்டுப்படும். புதுசா இழுக்கிறவங்க எல்லார் பட்டையிலும் முதல் வெட்டு இந்தத் திருப்பத்தில்தான் விழும். சின்ன வெட்டுன்னா 400 வாட்டர் பேப்பரால் தேய்ச்சு மட்டம் பண்ணிடலாம். ஆழமா மடல் மாதிரி தூக்கினா அடியில் துளி ஃபெவிக்விக் வெச்சு ஒட்டி, காய்ஞ்சதும் தேய்ங்க. அதனாலதான் சொல்றேன், முதல் பட்டைக்கு அதிகம் செலவு பண்ணாதீங்க. பத்து இழுப்பும் மெதுவா இருந்தா போதும், வேகம் தானா வரும்.

சவரத்துக்கு முன்னாடி கித்தானில் 25 சுத்து, தோலில் 50. சவரம் முடிஞ்சு துடைச்ச பிறகு கித்தானில் 10, ஈரம் எடுக்க.

எண்ணூர் எஃகு:

மேலே சொன்ன தோல் குறிப்பு அத்தனையும் சரி. ஃபிலிம் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு.

ஃபிலிம் தேயும் பொருள். 1 மைக்ரான் தாள் சில தீட்டலிலேயே பளபளப்பு ஏறி வெட்டுவதை நிறுத்திவிடும், மறுபடி வாங்க வேண்டும். கத்தி ரெண்டோடு நிற்குமானால் சரி. ஆனால் சவரக்கத்தி பிடித்துப்போனவர்கள் அநேகமாக ரெண்டோடு நிற்பதில்லை. முதல் தீட்டலுக்கு ஃபிலிம், பிறகு பணம் சேரும்போது கடைசிப் படிக்கு ஒரே ஒரு நல்ல முடிப்புக் கல் என்று போவது என் யோசனை. ஜப்பானின் ஷாப்டன் 12000 போன்ற செராமிக் கல்லுக்கு ஊறவைக்கத் தேவையில்லை, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஊறப்போட்டால்தான் கெடும். இன்னொரு ஜப்பான் கல்லான கிங் 1000/6000 நல்ல கல், ஆனால் மென்மையானது, சீக்கிரம் நடுவில் குழியும். அதன் 6000 பக்கத்தோடு நிறுத்தினால் முகத்தில் கரகரப்பு இருக்கும். 12000 என்று சொல்லி விற்கும் சீனத்து இயற்கைக் கல் மலிவு, முடிப்புக்கு உகந்தது, மிக மெதுவாக வேலை செய்யும். அதில் 100 சுற்றுக்குக் குறையாமல் இழுக்கப் பொறுமை வேண்டும்.

எந்தக் கல் வாங்கினாலும் முதல் நாளே மட்டம் பாருங்கள். கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கண்ணாடியில் 320 கிரிட் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீரோடு தேயுங்கள். பென்சில் கோடு ஓரத்தில் போய் நடுவில் நின்றால் கல் குழிந்திருக்கிறது. கோடு முழுவதும் மறையும்வரை தேய்த்து, ஓரங்களை லேசாக மழுக்கிவிடுங்கள். கூர்மையான கல்லோரம் சவரக்கத்தி வாயைத் தட்டிவிடும்.

பச்சை சோப்பு வேண்டாம். பாத்திரப் பாலிஷ் கட்டியில் குரோமியம் ஆக்சைடு இருக்கும், கூடவே பெரிய அலுமினியம் ஆக்சைடு துகளும் மெழுகும் கலந்திருக்கும். சமையல் கத்திக்குப் பரவாயில்லை. சவரக்கத்திக்குத் தேவை 0.5 மைக்ரான் அளவில் ஒரே சீரான துகள். பூங்கா நகர் நயினியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் குரோமியம் ஆக்சைடு கிரீன் தூள் கேட்டுப் பாருங்கள், துகள் அளவையும் கேளுங்கள். டைகுரோமேட் என்று ஆரஞ்சு நிறத்தில் எதையாவது நீட்டினால் தொடாதீர்கள், அது விஷம். பச்சைத் தூளையும் பறக்கவிடாமல், இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெயில் குழைத்துத்தான் பூச வேண்டும். டை, மோல்டு அச்சுகளைப் பாலிஷ் செய்பவர்கள் பயன்படுத்தும் சிரிஞ்சில் வரும் 0.5 மைக்ரான் வைரப் பேஸ்டும் ஆகும். துவரம்பருப்பு அளவு ஒரு பட்டைக்கு மாதக்கணக்கில் வரும்.

பேஸ்ட் பூசுவது தனிப் பட்டையில். தினசரிப் பட்டையில் பூசினால் அந்தப் பட்டை அத்தோடு போயிற்று. மிச்சம் வந்த தோல் துண்டை மட்டமான மரப்பலகையில் ஒட்டி அதில் பூசுங்கள். வாய் தளர்வதாகத் தெரியும்போது 10 சுற்று. ஒவ்வொரு நாளும் பேஸ்டில் இழுத்தால் சரிவு உருண்டு, கடைசியில் கல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

தண்டையார்பேட்டை வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. கண்ணாடி, ஃபிலிம், தோல் மூணும் வாங்கியாச்சு, பட்ஜெட்டுக்குள்ளதான். கோல்ட் டாலரை 15-லிருந்து 1 வரை கொண்டுவந்து தோலில் 50 இழுத்தேன். முன்கை மயிர் நல்லா வெட்டுது. கன்னத்தில் சுகமா போகுது, மோவாயிலும் மேலுதட்டிலும் பிடிச்சு இழுக்குது. இன்னும் 1 மைக்ரான்ல இழுக்கணுமா?

பெரம்பூர் டூல்ரூம்:

1-ல் இழுத்து ஒன்னும் ஆகாது அண்ணே. முன்கை மயிர் மெல்லிசு, அந்தச் சோதனை 15-க்குத்தான். மோவாய் மயிர் தடி. கன்னத்துக்குக் கத்தியோட நடுப்பகுதி போகுது, மேலுதட்டுக்கும் மோவாய்க்கும் நீங்க நுனியைத்தான் வைப்பீங்க. அப்போ நடுவில் சரிவு சேர்ந்திருக்கு, நுனியில் சேரலை.

நுனியில் மட்டும் மறுபடி மார்க்கர் பூசி, 15-ல் அஞ்சே சுத்து போட்டு, நகைக்கடையில் வெச்சிருக்கிற மாதிரி 30 மடங்கு லென்ஸில் பாருங்க. ஓரத்தில் மெல்லிசா கருங்கோடு நின்னா அதுதான் பிரச்சினை. ஓட்டம் முடியும்போது பிடியைத் தூக்குறீங்களா, நுனியைத் தூக்குறீங்களான்னும் கவனிங்க. பிடியைக் கீழே அழுத்தினா நுனி தூக்கும். 15-ல் நுனி சேர்ந்த பிறகு 5, 3, 1 மூணும் மறுபடி முழுசா வரணும், நடுவில் குதிக்கக் கூடாது.

நுனியும் சரியா இருந்தா பிசிறு பாருங்க. வாயை நகத்தில் வெச்சு எடையே இல்லாம ஓட்டினா சிக்கிச் சிக்கிப் போகும். அப்படி இருந்தா 3-ல் முதுகு முன்னால் போற மாதிரி 5 சுத்து, அப்புறம் வாய் முன்னால் 15 சுத்து, அதுக்குமேல் 1.

பெரியமேடு தோல்கட்டு:

சவரத்திலும் ஒரு இடம் பாருங்க. கத்தி முகத்தில் 30 டிகிரி பக்கம் சாயணும். மோவாயில் வளைவு இருக்கறதால் கை தன்னை அறியாம 45-க்கு மேல நிமிர்த்தும், அப்போ எவ்வளவு தீட்டின கத்தியும் இழுக்கும். தோலை இன்னொரு கையால் நல்லா இழுத்துப் பிடிச்சுட்டு, முதல் சுத்து மயிர் போற திசையில் மட்டும்.

எண்ணூர் எஃகு:

தீட்டல் சரியான பிறகு துருவைக் கவனியுங்கள். நம் பக்கம் கடல் காற்று, போர் தண்ணீரும் பல தெருக்களில் உப்பு. இரண்டு கத்தியும் கார்பன் எஃகு. உப்புத் தண்ணீரில் அலசி அப்படியே மடக்கினால் ஒரே இரவில் வாயோரம் கரும்புள்ளி விழும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சவரத்தில் கரகரக்கும். தீட்டவும் அலசவும் கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும். துடைத்து, கித்தானில் இழுத்து, கைப்பிடிக்குள் மடக்காமல் அரைமணி நேரம் திறந்தே காயவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் தையல் மெஷின் எண்ணெயை விரலால் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பாத்ரூமில் வேண்டாம்.

தோல்பட்டையும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் தொங்கவிட்டால் பூசணம் பிடிக்கும். பிடித்தால் காய்ந்த துணியால் துடைத்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். பூசணம் துடைத்த பட்டையில் கத்தியை வைக்கும் முன் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி எது தட்டுப்பட்டாலும் 400 பேப்பரால் ஒருமுறை லேசாகத் தேய்த்த பிறகே இழுக்கவும்.